தருமபுரி மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளில் குடிமையியல் செயல்திட்டங்கள்: வினாவிலிருந்து பொது ஆவணம் வரை

ஆய்வுச் சுருக்கம்

உயர்நிலை வகுப்புகளில் குடிமையியல் பாடத்துக்கென அளிக்கப்படும் செயல்திட்டங்கள் பல, படம் ஒட்டுதல், பாடநூற் பகுதியைப் படியெடுத்தல் என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. விடை பாடநூலில் இல்லாததும், பொது ஆவணத்திலோ பொது அமைப்பிலோ தேடிக் கண்டறியத்தக்கதுமான ஒரு வினாவிலிருந்தே குடிமையியல் செயல்திட்டம் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தருமபுரி மாவட்டத்தின் தேர்தல் தொகுதிகள், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம், கிராம சபை, வாச்சாத்தி வழக்கு, குழந்தைத் திருமணத் தடுப்பு ஆகிய ஐந்து களங்களைக் கொண்டு இக்கருதுகோள் விளக்கப்படுகிறது. ஒவ்வொரு செயல்திட்டத்துக்கும் உரிய பாட அலகு, ஆவணம், எல்லை ஆகியனவும், அவற்றுக்குப் பொதுவான மதிப்பீட்டு முறையும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குடிமையியல், செயல்திட்டம், தருமபுரி, கிராம சபை, உள்ளாட்சி, வளரறி மதிப்பீடு.

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிக்கப்பட்டுத் தருமபுரி மாவட்டம் உருவானது. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாகியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரியின் எழுத்தறிவு விகிதம் 68.54 விழுக்காடு, மாநிலச் சராசரி 80.09 விழுக்காடு. அக்கணக்கெடுப்பில் தமிழக மாவட்டங்களுள் மிகக் குறைந்த விகிதம் இதுவேயாகும். இத்தகைய மாவட்டத்தில் அரசுப் பள்ளியின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவோர்க்கு அதன்பின் அரசமைப்பைப் பற்றி முறையாகக் கற்கும் வாய்ப்பில்லை. மேல்நிலையில் அறிவியல் பிரிவுக்குச் செல்வோரின் பாடப்பட்டியலிலும் குடிமையியல் இடம்பெறுவதில்லை. ஆகவே, பதினான்கு, பதினைந்து வயதில் கற்கும் இப்பாடமே பலருக்கு அரசு பற்றிய இறுதிப் பாடமாக அமைகிறது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் வாக்காளராகின்றனர். குடும்ப அட்டைக்கும் சாதிச் சான்றுக்கும் நிலப் பட்டாவுக்கும் அலுவலகங்களை நாடுகின்றனர்.

இத்தகைய பாடத்தில் செயல்திட்டம் என்பது எதைச் செய்ய வேண்டும், அதனை எவ்வாறு தெரிவு செய்வது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. செயல்திட்டம்: கருத்தும் நடைமுறையும்

செயல்திட்ட முறையைக் கல்வியியலில் நிலைநிறுத்தியவர் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக். 1918இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நோக்கம் கொள்ளல், திட்டமிடல், நிறைவேற்றல், மதிப்பிடல் என நான்கு படிநிலைகளை வகுத்தது. நோக்கம் மாணவருடையதாக இருத்தல் வேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை. இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டையொட்டி உருவான காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டமும் செயல்வழியே அறிவு என்னும் கொள்கையை வேறு திசையிலிருந்து வலியுறுத்தியது.

தமிழகத்தில் முழுமையான தொடர் மதிப்பீட்டு முறை 2012–13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை அறிமுகமானபோது, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. செயல்திட்டம் வளரறி மதிப்பீட்டின் பகுதியாக வகுப்பறைக்குள் வந்தது. எனினும், மதிப்பெண் பதிவேட்டை நிரப்பும் தேவை முன்னின்றதால், செயல்திட்டம் என்ற சொல்லே மாணவரிடையில் வண்ணத்தாள், ஒட்டுப்படம், அட்டை என்னும் பொருளைப் பெறலாயிற்று. தலைவர்களின் படங்களும் நாடாளுமன்றக் கட்டடத்தின் படமும் கடையில் வாங்கப்பட்டு ஒட்டப்படுகின்றன. கில்பாட்ரிக் கூறிய நான்கு படிநிலைகளுள் நோக்கம் கொள்ளலும் திட்டமிடலும் இங்கு இல்லை. நிறைவேற்றல் மட்டுமே எஞ்சுகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சமூக அறிவியல் முழுவதும் 100 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வாகும். ஆதலின், செயல்திட்டத்துக்குரிய இயல்பான காலம் ஒன்பதாம் வகுப்பு. அவ்வகுப்பின் குடிமையியல் பகுதி அரசாங்க அமைப்புகளும் மக்களாட்சியும், தேர்தலும் அரசியல் கட்சிகளும், மனித உரிமைகள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றை உள்ளடக்கியிருப்பதும் இதற்குத் துணையாகிறது.

2. தெரிவுக்கான அளவுகோல்

குடிமையியல் செயல்திட்டத்தைத் தெரிவு செய்ய மூன்று நிபந்தனைகளை முன்வைக்கலாம். ஒன்று, அது வினாவாக அமைய வேண்டும். ‘உள்ளாட்சி அமைப்புகள்’ என்பது தலைப்பு; ‘எங்கள் ஊராட்சியில் சென்ற கிராம சபையின் தீர்மானங்களுள் எவை நிறைவேறின?’ என்பது வினா. இரண்டு, அவ்வினாவின் விடை பாடநூலில் இருத்தல் கூடாது. ஆனால் அதனை விளங்கிக்கொள்ளப் பாடநூல் தேவைப்பட வேண்டும். மூன்று, விடைக்கான சான்று மாணவர் அணுகக்கூடிய பொது ஆவணமாகவோ பொது நிகழ்வாகவோ இருத்தல் வேண்டும். வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடிப் பட்டியல், தீர்மான நகல், கணக்கெடுப்பு அட்டவணை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியன இவ்வகையின.

மூன்றாம் நிபந்தனையே குடிமையியல் செயல்திட்டத்தைப் பிற பாடச் செயல்திட்டங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. அரசு என்பது ஆவணங்களின் வழியே இயங்குகிறது. அவ்வாவணத்தைக் கேட்கவும் படிக்கவும் பழகுவதே குடிமைப் பயிற்சியின் முதற்படி. பின்வரும் ஐந்து செயல்திட்டங்களும் இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு அமைக்கப்பட்டவை.

3. ஐந்து செயல்திட்டங்கள்

3.1 தொகுதியும் மாவட்டமும்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஆனால் தருமபுரி மக்களவைத் தொகுதியில் சட்டமன்றத் தொகுதிகள் ஆறு. ஆறாவது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மேட்டூர். ‘வேறு மாவட்டத்து மேட்டூர் நம் தொகுதியில் இருப்பது ஏன்?’ என்பது மாணவருக்குரிய வினா. விடை தேடுவோர், நிருவாக எல்லையும் பிரதிநிதித்துவ எல்லையும் வெவ்வேறு என்பதையும், தொகுதி மறுவரையறை மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டது என்பதையும், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமைந்த எல்லைகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன என்பதையும் கண்டறிவர். அரூர் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக இருப்பதன் காரணமும் அதே ஆவணங்களில் கிடைக்கும்.

இதன் இரண்டாம் பகுதி வாக்குச்சாவடி பற்றியது. வாக்காளர் எவரும் 2 கிலோமீட்டருக்கு மேல் செல்ல நேரக்கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. பென்னாகரம் வட்டத்தின் கோட்டூர் மலைக்குச் சாலை இன்மையால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் மீது ஏற்றிச் செல்லப்பட்டதைத் தேர்தல் காலச் செய்திகள் பதிவு செய்துள்ளன. ஒரு மலைக்கிராமத்தின் வாக்குகளுக்காக அரசு மேற்கொண்ட இம்முயற்சி, சமவாக்குரிமை என்னும் கருத்தை வரையறையினும் தெளிவாக விளக்குகிறது. அதே செய்தியே, இயந்திரம் ஏறிய மலைக்குச் சாலை ஏறாதது ஏன் என்னும் அடுத்த வினாவையும் எழுப்புகிறது. தம் ஊர் வாக்குச்சாவடிப் பட்டியலைக் கொண்டு, குடியிருப்புகளிலிருந்து சாவடிக்கான தொலைவை மாணவர் வரைபடமாக்கலாம்.

3.2 ஒரு குடிநீர்க் குழாயின் பொறுப்புச் சங்கிலி

நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதியாகக் கலந்திருப்பது தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நெடுங்காலச் சிக்கல். இந்தியத் தர நிருணயப்படி குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும். அளவு மிகுந்தால் பற்களில் கறையும், நீண்ட காலப் பயன்பாட்டில் எலும்புப் பாதிப்பும் ஏற்படுகின்றன. இதற்குத் தீர்வாகக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் மேற்கொள்ளப்பட்டது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது கருநாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது.

‘எங்கள் தெருக்குழாயில் நீர் வராவிட்டால் பொறுப்பு யாருடையது?’ என்பது இச்செயல்திட்டத்தின் வினா. அரசமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 துறைகளுள் குடிநீரும் ஒன்று. நீர் வழங்கல் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 17ஆம் பதிவாக உள்ளது. மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறுகளின் ஒழுங்குமுறை ஒன்றியப் பட்டியலின் 56ஆம் பதிவு. கடன் வழங்கியது அயல்நாட்டு நிறுவனம். ஆக, ஒரு குழாயைப் பின்தொடரும் மாணவர் ஊராட்சி, குடிநீர் வடிகால் வாரியம், மாநில அரசு, ஒன்றிய அரசு ஆகிய அனைத்தையும் சந்திக்கின்றனர். கூட்டாட்சி என்னும் அலகைக் கற்பிக்க இதனினும் அண்மையான சான்று இம்மாவட்டத்தில் அரிது.

மாணவர் உருவாக்க வேண்டியது, குழாயில் தொடங்கி ஒவ்வொரு நிலையிலும் யார் என்ன முடிவெடுக்கின்றனர் என்பதைக் காட்டும் ஒரு பொறுப்புச் சங்கிலி அட்டவணை. நீரின் தரத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்குவது இதன் நோக்கமன்று. தர ஆய்வு முடிவுகளைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள எண்ணை நிருணய அளவோடு ஒப்பிட்டுப் படிப்பது போதுமானது.

3.3 கிராம சபையைக் கவனித்தல்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் இச்சபை கூடுவதற்கு உரியன. 18 வயது நிரம்பாத மாணவர் உறுப்பினர் ஆகார். எனினும் கூட்டத்தைக் கவனிக்கலாம். இந்நாள்களுட் சில பொது விடுமுறை நாள்கள். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் பள்ளிக் கொடியேற்றம் முடிந்தபின் கூட்டத்துக்குச் செல்ல நேரம் உண்டு. ஆகவே வகுப்பு நேரம் இழக்கப்படுவதில்லை.

மாணவருக்கு மூன்று பணிகள் வகுக்கலாம். முதலாவது, வந்தோர் எண்ணிக்கையைக் குறித்தல். மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3000 வரை 100 பேர், 3001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் எனக் குறைவெண் வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. வந்தோருள் பெண்கள் எத்தனை பேர், பேசியோர் எத்தனை பேர் என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டாவது, தீர்மானங்களை மூன்றாகப் பகுத்தல்: அரசு அனுப்பிய கருப்பொருள், ஊராட்சித் தலைவர் முன்வைத்தது, மக்கள் எழுப்பியது. மூன்றாவது, மக்கள் எழுப்பிய ஒரு தீர்மானத்தை ஆண்டு இறுதி வரை பின்தொடர்தல். தீர்மான நகல் கிடைக்காதவிடத்து, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ்ப் பெற்றோர் ஒருவர் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம்; 30 நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். தகவல் கேட்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை என்பதையும் மாணவர் அறிந்துகொள்வர்.

கவனித்தபின் வகுப்பறையில் மாதிரி கிராம சபை நடத்துவது பயனுடையது. கவனிக்காமல் நடத்தும் மாதிரிச் சபை மேடை நாடகமாகவே முடிகிறது. கண்டபின் நடத்துவது, கண்டதற்கும் சட்டம் சொல்வதற்கும் உள்ள இடைவெளியை மாணவரே பேசும் களமாகிறது.

3.4 வாச்சாத்தி வழக்கின் காலக்கோடு

சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாக நுழைந்த வனம், காவல், வருவாய் ஆகிய துறைகளைச் சேர்ந்தோர் மக்கள்மீது வன்முறை நிகழ்த்தினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் நடுவண் புலனாய்வுத் துறை விசாரணைக்கு ஆணையிட்டது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வழங்கியபோது அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 126 பேர் வனத்துறையினர், 84 பேர் காவல்துறையினர், 5 பேர் வருவாய்த்துறையினர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

‘இவ்வழக்கில் எந்த அமைப்பு எப்போது என்ன செய்தது?’ என்பது வினா. காலக்கோடு வரைதல் செயல்திட்டம். விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கு 19 ஆண்டுகளும் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு 31 ஆண்டுகளும் ஆயின என்பதை மாணவர் தாமே கணக்கிடுவர். நீதித்துறையின் படிநிலை, மேல்முறையீடு, மனித உரிமை ஆகிய பாடக் கருத்துகள் இவ்வழக்கில் உயிர் பெறுகின்றன. அரசு ஊழியர் சட்டத்துக்கு மேற்பட்டவரல்லர் என்பதும், தாமதமான நீதியின் விலை என்ன என்பதும் ஒரே ஆவணத்தில் தெரிகின்றன.

இங்கு எல்லை கண்டிப்பாக வகுக்கப்பட வேண்டும். வன்முறை விவரிப்புகளை நீக்கித் தீர்ப்பின் சுருக்கத்தை ஆசிரியரே தயாரித்தளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். கிராமத்துக்குச் சென்று அவர்களை நேர்காணல் செய்வது எந்நிலையிலும் செயல்திட்டத்தின் பகுதியாகாது. வகுப்பில் அக்கிராமத்தைச் சார்ந்த மாணவர் இருப்பின், அவர்களை எடுத்துக்காட்டாக்காமல் காக்கும் கடமையும் ஆசிரியருக்கு உண்டு.

3.5 குழந்தைத் திருமணத் தடுப்பும் கூத்து வடிவமும்

பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1990களின் பிற்பகுதியில் தருமபுரி மாவட்டத்தில் நிகழ்த்தப்பட்ட கலைப்பயணங்கள், பொது விழிப்புணர்வுக்கு நிகழ்த்துகலையைப் பயன்படுத்தியமைக்குச் சிறந்த முன்சான்று. குழந்தைப் பாலின விகிதம் 2001இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் என்றிருந்து, 2011இல் 913 ஆக உயர்ந்தது. இம்மாற்றத்துக்குச் சட்ட நடவடிக்கை, தொட்டில் குழந்தைத் திட்டம், நலத்திட்டங்கள் எனக் காரணங்கள் பல. கலைப்பயணத்தை அவற்றுள் ஒன்றாகக் கருதலாம். ஓர் எண்ணின் மாற்றத்துக்கு ஒற்றைக் காரணம் கூறக்கூடாது என்பதே மாணவர் இங்குப் பெறும் ஆய்வுப் பயிற்சி.

இன்று அதே வடிவத்தைக் குழந்தைத் திருமணத் தடுப்புக்குப் பயன்படுத்தலாம். வழக்கமான விழிப்புணர்வு நாடகம் ‘குழந்தைத் திருமணம் குற்றம்’ என்னும் முழக்கத்தோடு முடிவடையும். கூத்தில் வரும் கட்டியங்காரனோ அரசனையும் அவையோரையும் ஒருங்கே வினவும் உரிமை பெற்றவன். அவன் வாயிலாக நடைமுறை வினாக்களை எழுப்பலாம். யார் புகார் அளிக்கலாம்? 1098 என்ற எண்ணை அழைத்தால் அடுத்து யார் வருவர்? மாவட்டச் சமூகநல அலுவலரின் அதிகாரம் யாது? திருமணத்தைத் தடுக்க நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்க முடியுமா? நடந்துவிட்ட திருமணத்தை நீக்கக் கோரும் உரிமை எத்தனை காலம் உண்டு? குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் இவற்றுள் பலவற்றுக்கு விடை உண்டு. இறுதி வினாவுக்கான விடை, திருமண நாளில் குழந்தையாக இருந்தவர் உரிய வயதை எட்டியபின் இரண்டு ஆண்டுகள் வரை என்பது. சட்டத்தைப் படித்து உரையாடலாக மாற்றும் மாணவர், அதனை மனனம் செய்வோரைவிட ஆழமாக அறிகின்றனர். வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பது இச்செயல்திட்டத்தில் தவிர்க்கப்பட வேண்டும். தோழியின் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்னும் பழி ஒரு மாணவிமீது விழ அது வழிவகுக்கும்.

4. மதிப்பிடல்

அட்டையின் அழகு மதிப்பெண் பெறும்வரை செயல்திட்டம் கடையில் வாங்கப்படும். ஆகவே 20 மதிப்பெண்ணைப் பின்வருமாறு பகுக்கலாம்: வினாவின் தெளிவுக்கு 4, சான்றாகப் பெற்ற ஆவணத்துக்கும் அதனைப் படித்த முறைக்கும் 6, பொறுப்புடைய அமைப்பைச் சரியாக இனங்கண்டமைக்கு 4, வகுப்பிலோ ஊரார் முன்போ விளக்கியமைக்கு 4, கிடைக்காத தகவலைக் கிடைக்கவில்லை என்று பதிவு செய்தமைக்கு 2. இறுதிக் கூறு சிறிதெனினும் இன்றியமையாதது. விண்ணப்பித்தும் பதில் வரவில்லை என்பதும் ஒரு கண்டறிதலே. அதனை மறைத்துக் கற்பனை விடை எழுதும் பழக்கத்தை இக்கூறு தடுக்கும். விளக்கவுரையை எழுத்துக்கு மாற்றாக வாய்மொழியாகவும் ஏற்பது முதல் தலைமுறைக் கற்போர்க்குத் துணைபுரியும்.

5. எதிர்நிலைக் கருத்துகள்

இம்முறைக்கு எதிராக இரண்டு தடைகள் கூறப்படலாம். முதலாவது காலம். பாடப்பகுதியை முடிக்கும் நெருக்கடியில் ஐந்து செயல்திட்டங்களுக்கு இடமில்லை. ஆனால் ஐந்தையும் ஒரு வகுப்பு செய்ய வேண்டியதில்லை. வகுப்பை ஐந்து குழுக்களாக்கி, ஒவ்வொன்றும் ஒன்றை மேற்கொண்டு பிறர்க்கு விளக்கினால், அவ்விளக்கமே அந்தந்த அலகின் திருப்புதலாக அமையும். இரண்டாவது தயக்கம். ஆசிரியர் அரசு ஊழியர். தலைமையாசிரியர் ஊராட்சித் தலைவரோடும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் இணங்கிச் செல்ல வேண்டியவர். மாணவரின் வினா குற்றச்சாட்டாகக் கருதப்படக்கூடும். இத்தயக்கம் நியாயமானது. வினாக்கள் நபரைப் பற்றியனவாக இல்லாமல் நடைமுறையைப் பற்றியனவாக அமைதல், சான்று அரசின் சொந்த ஆவணமாக இருத்தல், தொடங்குமுன் பள்ளி மேலாண்மைக் குழுவில் தெரிவித்தல் ஆகிய மூன்றும் ஆசிரியருக்குப் பாதுகாப்பாகும். கட்சிச் சார்பற்றிருத்தல் என்பதற்கு அரசைப் பற்றிப் பேசாதிருத்தல் என்று பொருளன்று.

முடிவுரை

குடிமையியல் செயல்திட்டத்தின் புதுமை அதன் வடிவத்தில் இல்லை. அது எழுப்பும் வினாவில் உள்ளது. வரைபடம், அட்டவணை, காலக்கோடு, கூத்து ஆகிய எவ்வடிவமாயினும், மாணவரை ஒரு பொது ஆவணத்தின் முன் நிறுத்தினால் அது குடிமைப் பயிற்சியாகிறது. நிறுத்தாவிடில் கைவினையாகவே எஞ்சுகிறது. எழுத்தறிவில் பின்தங்கியதாகக் கணக்கிடப்பட்ட தருமபுரி, அரசின் ஒவ்வோர் உறுப்பும் இயங்கிய வரலாற்றை அண்மைக் காலத்திலேயே தன்னகத்தே கொண்டுள்ளது. அவ்வரலாறு ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு எட்டும் தொலைவில் உள்ளது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கும் ஒருவர், எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்பது என்பதை அறிந்து நீங்குவாராயின், அப்பாடம் தன் பணியைச் செய்ததாகக் கொள்ளலாம். இச்செயல்திட்டங்களை வெவ்வேறு வட்டங்களின் பள்ளிகளில் ஓராண்டு நடைமுறைப்படுத்தி, மாணவரின் ஆவண வாசிப்புத் திறனில் ஏற்படும் மாற்றத்தை அளவிடுவது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.